எழுத்தின் தலையில் இருக்கும் தொப்பியை எடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் எஸ்பெராந்தோ மொழியைப் பற்றி வரும் தொடரை நம் மலேசியாவில், இங்கே சுங்கை சிப்புட்டில் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். மாலையில் என் வீட்டுக்கு டியூஷனுக்கு வரும் பிள்ளைகளைச் சொல்கிறேன். பாதிப் பேர் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள், மீதிப் பேர் இன்னும் தோட்டத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஒரு தனி மனிதர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி, அதற்கென்று எழுத்து விதி, உச்சரிப்பு விதி என்றெல்லாம் தமிழில் படிக்கக் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் எழுத்தும் உச்சரிப்பும் பற்றிய பட்டியல் வந்த வாரம் எனக்குக் கோபம்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுத்துகளின் தலையில் இருக்க வேண்டிய குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு மொட்டையாக அச்சடித்திருக்கிறீர்கள். அதோடு, ஒலிகளை ஆங்கிலத்தைக் காட்டியே விளக்கியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் அந்தப் பட்டியலை வைத்துப் படிக்கிற பிள்ளை எஸ்பெராந்தோவைப் படிக்கவில்லை, ஆங்கிலக்காரர் தப்பும் தவறுமாகச் சொல்லும் ஏதோ ஒன்றைப் படிக்கிறது.

முதலில் குறிகள். எஸ்பெராந்தோவுக்கு 28 எழுத்து. ஆங்கில நெடுங்கணக்கில் கியூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் என்ற நான்கையும் தள்ளிவிட்டால் 22, அதோடு குறி போட்ட எழுத்து 6. சி, ஜி, எச், ஜே, எஸ் ஆகிய ஐந்தின் மேலும் கூரை மாதிரி ஒரு கோடு வரும், யு மேல் சின்னப் பிறை வரும். அந்த மொழி பேசுகிறவர்களே இதைத் தொப்பி என்றுதான் சொல்கிறார்கள். தொப்பி போட்ட சி வேறு எழுத்து, தொப்பி இல்லாத சி வேறு எழுத்து. தொப்பி அழகுக்குப் போட்டது இல்லை. தொப்பியில்லாத சியில் 'த்ஸெலோ' என்று எழுதினால் குறிக்கோள், தொப்பி போட்டால் 'ச்செலோ', உயிரணு. எஸ்ஸில் தொப்பி இல்லாமல் எழுதினால் 'ஸெலோ', குதிரைச் சேணம், தொப்பி போட்டால் 'ஷெலோ', பழத்தோல். நான்கும் நான்கு சொல். உங்கள் பட்டியல்படி அச்சடித்தால் நான்கு இரண்டாகிவிடும். 'மி ஷாத்தாஸ்' என்றால் எனக்குப் பிடிக்கிறது. அதே எஸ்ஸின் தொப்பியைக் கழற்றிவிட்டால் 'மி ஸாத்தாஸ்', என் வயிறு நிறைந்துவிட்டது என்று ஆகிவிடும். இதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை வெளியாள் ஒருவரிடம் பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் குறிகளை அச்சடிக்க முடியாது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லியிருந்தால், அதற்கும் பதில் அந்த மொழியிலேயே இருக்கிறது. இந்த மொழியை உருவாக்கிய ஸாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887இல் வார்சாவில் தன் முதல் சிறு நூலை வெளியிட்டார். 1905இல் பிரான்ஸின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியபோது, மொழியின் அடிப்படையை இனி யாரும் மாற்றக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அந்த அடிப்படை நூலில் அச்சகங்களுக்கென்றே ஒரு குறிப்பு இருக்கிறது. தொப்பி எழுத்து அச்சு இல்லாத அச்சகம் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் எச் ஒன்றைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், யு மட்டும் பிறை இல்லாமல் வரலாம் என்று. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்து அச்சகக்காரரை நினைத்துச் சொன்னது அது. இன்றைக்கு யூனிகோடில் ஆறு எழுத்தும் இருக்கின்றன, கைப்பேசியிலேயே தட்டலாம். கணினியில் பழகியவர்கள் பக்கத்தில் எக்ஸ் சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு. எப்படிப் போட்டாலும் சரி, எதையாவது போடுங்கள். ஒன்றுமே போடாமல் விடுவதற்கு மட்டும் அந்த விதியில் இடம் இல்லை.

குறியை விட்டால் என்ன ஆகும் என்று தமிழருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதியதால், மெய்யா உயிர்மெய்யா என்று இடத்தைப் பார்த்து ஊகித்துப் படிக்க வேண்டியிருந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் போடும் வடிவ வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தது என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறேன். மலாயிலும் இதே கதைதான். பழைய அகராதிகளில் மலாயின் இரண்டு வகை எகரத்தையும் பிரித்துக் காட்டப் பிறைக் குறி போட்டார்கள். 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதனால் போரைக் குறிக்கும் சொல்லும் பழுப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லும் மலாயில் ஒரே மாதிரி எழுதப்படுகின்றன, ஒலி மட்டும் வேறு. உதைப்பதற்கும் அறைவதற்கும் அப்படியேதான். மலாய் அறியாத பிள்ளைக்கு முதல் வகுப்பில் இது எவ்வளவு குழப்பம் என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எல்லோருக்கும் தெரியும்.

இனி ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருவது பற்றி. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது.

எஸ்பெராந்தோவின் பதினாறு இலக்கண விதிகளில் ஒன்பதாவது, எழுதியிருப்பது போலவே ஒவ்வொரு சொல்லையும் படிக்க வேண்டும் என்பது. பத்தாவது, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும் என்பது. அவ்வளவுதான் உச்சரிப்பு. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தம் தூரமாகிப்போன மொழிகளில் ஆங்கிலமும் ஒன்று, அதைக் கொண்டுபோய் இந்த மொழிக்கு அளவுகோலாக வைத்தால் எப்படி? ஆங்கிலத்தின் 'ஓ' வாயில் வழுக்கி 'ஓவ்' ஆகும், 'ஏ' வழுக்கி 'ஏய்' ஆகும், அழுத்தம் விழாத உயிர் எல்லாம் மங்கிப் போகும். எஸ்பெராந்தோவின் ஐந்து உயிரும் எங்கே வந்தாலும் தெளிவாக ஒலிக்க வேண்டும். நம் அ, எ, இ, ஒ, உ அப்படித்தானே இருக்கின்றன? ரகரமும் நாக்கு நுனி துடிக்கிற நம் ரகரம்தான், ஆங்கிலேயர் விழுங்கும் ரகரம் இல்லை. க, த, ப சொல்லும்போது ஆங்கிலத்தில் வருகிற மூச்சுக் காற்று நமக்கு வராது, அங்கேயும் அது வேண்டியதில்லை. இவ்வளவு அருகில் நம் வாயிலேயே இருப்பதை விட்டுவிட்டு ஆங்கிலச் சொல்லைக் காட்டி 'இதில் வருவது போல' என்று எழுதுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மலாய் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுத நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாக ஓர் ஒழுங்கை உண்டாக்கி வைத்திருக்கின்றன. எங்கும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் கை தானாகப் போகும். மலாயின் டி எழுத்துக்கு, அதாவது ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாவது எழுத்துக்கு, நாம் த போடுகிறோம், அதன் அதிர்ந்த இணைக்கு, அதாவது தொண்டை அதிரச் சொல்லும் நான்காவது எழுத்துக்கு, ட போடுகிறோம். தாமான், தாப்பா, தெலுக் இந்தான் என்கிறோம், ஆனால் டாமான்சாரா, டெங்கில், டத்தோ என்கிறோம். உயிருக்கு நடுவில் வல்லொலி வந்தால் இரட்டிக்கிறோம். கோத்தா, பத்து, ஈப்போ. இரட்டிக்காமல் விட்டால் தமிழ் வாசகர் மென்மையாக்கிப் படித்துவிடுவார் என்று நமக்கே தெரிந்திருக்கிறது. மூக்கொலிக்குப் பின்னால் வரும் தகரத்தை மட்டும் எழுத்தில் காட்ட முடியாது. கிளந்தான், குவாந்தான், பந்திங், பொந்தியான் என்று எழுதுகிறோம். தமிழாகப் படித்தால் அங்கே அதிர்ந்த ஒலிதான் வரும், ஆனால் வாயால் சொல்லும்போது இந்த நாட்டில் பிறந்த யாரும் அப்படிச் சொல்வதில்லை, வல்லொலியாகவே சொல்கிறோம். அது நமக்குப் பழகிவிட்டது.

இந்த ஒழுங்கையே எஸ்பெராந்தோவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அப்படி வைத்தால் மொழியின் பெயரே திருந்தும். உங்கள் தொடரில் வாராவாரம் 'எஸ்பெராண்டோ' என்று வருகிறது. குவாந்தானைக் குவாண்டான் என்று எழுதுவோமா? அந்தப் பெயரில் இருப்பது பல்லில் நாக்கு படுகிற வல்லொலி, நம் தகரம். ஆகவே எஸ்பெராந்தோ, அதைக் கிளந்தானில் சொல்வது போல வல்லொலியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு முறை குறிப்புப் போட்டால் இந்த நாட்டு வாசகருக்குப் போதும். 'டோமோ' என்றால் வீடு, 'தோமோ' என்றால் ஒரு நூலின் தொகுதி, த-ட ஒழுங்கை வைத்தால் இரண்டும் தானாகப் பிரிந்து நிற்கும். நன்றி சொல்லும் சொல்லை 'தங்கோன்' என்று போட்டிருந்தீர்கள். முதல் எழுத்தும் தவறு, நடுவும் தவறு. அது 'டாங்க்கோன்'. நடுவில் க் ஒன்று கூடுதலாகப் போடாவிட்டால் தங்கம் என்னும்போது வருகிற ககரம்தான் வரும்.

சொல்லின் முதலில் வரும் பகரத்துக்கும் ககரத்துக்கும் இந்த ஒழுங்கு உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'பானோ' என்று நாம் எழுதினால் அது ரொட்டியா குளியலா என்று தெரியாது. மூல மொழியில் இரண்டுக்கும் வேறு வேறு முதலெழுத்து, தமிழில் ஒரே ப. 'காஸ்தோ' என்றால் விருந்தாளியும் ஆகலாம், சாதியும் ஆகலாம். அதிர்ந்த ஒலி வரும் இடத்தில் அந்தத் தமிழ் எழுத்தைத் தடித்த எழுத்தில் அச்சடிக்கலாம், பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். கிரந்த எழுத்து வேண்டாம் என்று சில வாசகர்கள் எழுதக்கூடும். செய்தியில், கட்டுரையில் அவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன், நானும் முடிந்தவரை தவிர்ப்பவன். ஆனால் இது உச்சரிப்புப் பாடம். ஸ, ஷ, ஜ மூன்றையும் விட்டுவிட்டுச் சகரம் ஒன்றை வைத்து இந்த மொழியின் ஒலிகளைச் சொல்லவே முடியாது.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மலாயால் வரும் குழப்பத்தையும் தொடர் தொடவே இல்லை. மலாயில் தனியாக வரும் சி, பச்சை என்பதில் வரும் ச்ச. எஸ்பெராந்தோவில் அதே எழுத்து பீட்ஸா என்னும்போது வரும் த்ஸ, தொப்பி போட்டால்தான் ச்ச. மலாயின் ஜே நம் ஜகரம், எஸ்பெராந்தோவின் ஜே யகரம், தொப்பி போட்ட ஜியே ஜகரம். இங்கே பிள்ளைகள் தடுமாறுவது ஆங்கிலத்தால் இல்லை, காலையிலிருந்து மாலை வரை பள்ளியில் எழுதுகிற மலாயால்தான். அப்புறம் மலாய் பேசும்போது சொல்லின் கடைசி ககரத்தைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகிறோம், கடைசி அகரத்தை மங்கலாக்கிவிடுகிறோம். எஸ்பெராந்தோவில் எட்டு என்பதற்கு 'ஒக்', அந்தக் ககரம் முழுதாகக் கேட்க வேண்டும். பெயரடை எல்லாம் அகரத்தில் முடியும், 'போனா' என்றால் நல்ல, அந்தக் கடைசி உயிர் மங்கக் கூடாது. முன்பு சில ஆண்டுகள் செபுத்தான் பாக்கு என்று, எழுதியபடியே மலாயைப் படிக்கச் சொன்னார்களே, அந்தக் காலத்தில் பள்ளியில் படித்த பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லித் தரலாம்.

அழுத்தம் பற்றி உங்கள் தொடரில் ஒரு வரிகூட இல்லை. பெயர்ச்சொல் எல்லாம் ஒகரத்தில் முடியும் மொழி அது. இன்றைய தமிழில் எந்தச் சொல்லும் குறில் ஒகரத்தில் முடியாது, அதனால் நாம் ஓகாரம் போட்டு எழுதுகிறோம், எழுதியதால் படிக்கும்போது அந்தக் கடைசி எழுத்தை இழுக்கிறோம். அங்கே அழுத்தமோ அதற்கு முந்தைய அசையில். ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள், அதே எழுத்துகள்தான், ஆனால் 'ரா-டீ-ஒ' என்று மூன்று அசை, நடுவில் அழுத்தம். குடும்பம் 'ஃபா-மி-லீ-ஒ', நான்கு அசை, இகரமும் ஒகரமும் சேர்ந்து 'யோ' ஆகாது. நம் நாட்டின் பெயர் 'மா-லாய்-ஸீ-ஒ', அந்த ஸகரம் மலாய் மொழியின் ஸாமானில் வருவது போல அதிர்ந்து ஒலிக்கும். வீரனைக் குறிக்கும் சொல்லுக்கு 'ஹெ-ரோ-ஒ', கடைசியில் இரண்டு ஒகரம், இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிவார்கள். ஆகவே ஈற்று ஓகாரத்துக்கு மேல் இழுக்காதே என்று ஒரு குறிப்பு, அழுத்தம் விழும் அசைக்கு ஓர் அடிக்கோடு, இது போதும்.

எல்லாமே தமிழருக்கு எளிது என்று நான் சொல்லவில்லை. 'ஸ்த்ராத்தோ' என்றால் தெரு, மூன்று மெய் அடுத்தடுத்து வருகின்றன, நம் வாய் தானாகவே முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து 'இஸ்திராத்தோ' என்று சொல்லிவிடும், இஸ்கூல், இஸ்டேஷன் என்று சொல்லிப் பழகிய வாய். எனக்குத் தெரியும் என்பதற்கு 'மி ஸ்த்ஸீஅஸ்', இது ஐரோப்பியர்களுக்கே சிரமம். ஜே மேல் தொப்பி போட்டால் வரும் ஒலி தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை, டெலிவிஷன் என்பதை ஆங்கிலேயர் சொல்லும்போது நடுவில் கேட்கும் அதிர்ந்த ஷகரம் அது, இந்த ஓர் இடத்தில் ஆங்கிலத்தைக் காட்டுவதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எச் மேல் தொப்பி போட்டால் வரும் தொண்டை ஒலிக்கு, அரபு ஓதத் தெரிந்த பக்கத்து வீட்டு நண்பர்கள் வியாழக்கிழமையை மலாயில் சொல்வதைக் கேட்டால் போதும். அந்த எழுத்து இப்போது அரிதாகிவிட்டது, பல சொற்களில் அதன் இடத்துக்குக் ககரம் வந்துவிட்டது. இப்படிச் சிரமமான இடங்களை உள்ளபடி சொன்னால்தான் மற்ற இடங்கள் எளிது என்று சொல்வதைப் பிள்ளை நம்பும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று கேட்கலாம். உருவாக்கிய மொழிக்கு விதிதான் உயிர். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் எழுத்து தவறினாலும் காதில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம், வீட்டில் அம்மா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். எஸ்பெராந்தோ படிக்கிற சுங்கை சிப்புட் பிள்ளைக்கு வீட்டிலோ கடைத்தெருவிலோ அப்படி யாரும் கிடையாது. அச்சில் வந்தது மட்டும்தான் அதற்கு ஆசிரியர். தோட்டத்து லயத்தில் பிள்ளைகள் அசைக்கு அசை க சேர்த்து ரகசியமாகப் பேசுவார்களே, க பாஷை, அதில்கூட க வரும் இடத்தை ஒருவன் மாற்றிவிட்டால் மற்றவனுக்கு ஒன்றும் புரியாது. ஸாமென்ஹோஃப் பிறந்த பியாவிஸ்தோக் நகரத்தில் யூதர், போலந்துக்காரர், ரஷ்யர், ஜெர்மானியர் என்று ஆளுக்கொரு மொழியோடு ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்து வாழ்ந்தார்கள், அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் சமமாகக் கற்கக்கூடிய ஒரு மொழி வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த மொழியை ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் புரிகிற மாதிரி சொல்லித் தருவது அவர் நோக்கத்துக்கே எதிரானது. என் டியூஷனில் ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகள்தான் இந்தத் தொடரை ஆசையாகப் படிக்கிறார்கள். எழுதியதை எழுதியபடி படித்தால் சரியாக வரும் ஒரு வெளிமொழி இருக்கிறது என்பது அவர்களுக்கு எவ்வளவு தெம்பு தருகிறது என்பதை நான் நேரில் பார்க்கிறேன்.

ஆகவே அடுத்த பகுதி போகும் முன், எழுத்துப் பட்டியலைத் தொப்பிகளோடு முழுதாக ஒரு முறை மறுபடியும் அச்சடியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூல எழுத்து முதலில் வரட்டும், தமிழ் எழுத்து அதன் பக்கத்தில் துணைக்கு வரட்டும். ஒலி விளக்கத்துக்குத் தமிழ்ச் சொல்லையும் மலாய் ஊர்ப்பெயரையும் காட்டுங்கள். தொடரை எழுதுகிறவருக்கு உதவி வேண்டுமென்றால், த-ட ஒழுங்குப்படி 28 எழுத்துக்கும் ஒரு பட்டியல் தயார் செய்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். பழைய பட்டியலை ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் அதன் மேலேயே புதியதை ஒட்டச் சொல்லியிருக்கிறேன், அளவு மட்டும் அதே அளவில் அச்சடித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.